மூன்றாம் திட்டின் பழைய காலை

என் அக்கா கடலை விட்டுப் போனபோது எல்லோரும் என்னிடம்தான் காரணம் கேட்டார்கள். அவளிடம் நேராகக் கேட்கிற துணிச்சல் யாருக்கு இருந்தது? பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுத் துறையில் அவள் விஞ்ஞானி, நான் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். அவள் தண்ணீருக்கு அடியில், நான் படகில். ஹைட்ரோஃபோன் என்று ஒன்று உண்டு, தண்ணீருக்குள் வேலை செய்கிற மைக். அதை அவள் பவளத்திட்டின் ஓரமாகக் கொண்டுபோய் வைப்பாள். நான் மேலே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சத்தம் சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். "கல்யாணம் எப்போ, கல்யாணம் எப்போ" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சொந்தக்காரர்கள், கடைசியில் அவள் கடலையே கட்டிக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் அவள் செய்தது விவாகரத்து. பிள்ளைகள், அதாவது அவள் பல வருடம் பதிவு செய்து வைத்த சத்தங்கள் எல்லாம், என் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

கடல் அமைதியானது என்று யாராவது கவிதை எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கிற பவளத்திட்டின் பக்கத்தில் விடியற்காலையில் ஒரு ஹைட்ரோஃபோனை இறக்கிப் பாருங்கள். சந்தை தோற்றுப்போகும். இறால்கள் ஓயாமல் கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டிருக்கும், அடுப்பில் என்னவோ பொரிகிற மாதிரி. அதற்கு மேல் மீன்கள். ஒன்று உறுமும், ஒன்று தட்டும், ஒன்று எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி இழுக்கும். மூன்றாம் திட்டில் ஒரு பெரிய மீன் இருந்தது. பாறை இடுக்கை விட்டு அது வெளியே வந்ததே இல்லை, அதன் முகத்தை நாங்கள் பார்த்ததும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை முழங்குவதற்கு முன்பும் ஒரு செருமல் செருமும், வீட்டுக்குள் நுழைகிறபோது மருமகள்களுக்குச் சமிக்ஞை கொடுக்கிற பெரியவர்களைப் போல. அக்கா அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தாள். கல்யாணமே ஆகாதவளுக்கு மாமனார் மட்டும் கிடைத்துவிட்டார் என்று நான் கிண்டல் செய்வேன்.

வேலை முடிந்ததும் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுச்சா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். ஏறி வந்து என் ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்வாள். ஒரே ஹெட்ஃபோனில் இரண்டு தலை. அவள் தலைமுடியிலிருந்து உப்புத் தண்ணீர் என் கழுத்துக்குள் சொட்டும். அந்த ஈரத்துக்காக அவளை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது யாராவது அதைத் திருப்பிக் கொடுத்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு அந்தக் கோடை வந்தது. கடல் சூடாவது புதிதல்ல, கொஞ்ச நாளில் இறங்கிவிடும். அந்த வருடம் இறங்கவில்லை. வாரக்கணக்கில் தண்ணீர் வெதுவெதுவென்றே நின்றது. பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும், அதுதான் பவளத்துக்குச் சோறு போடுவது. சூடு தாங்காமல் பவளம் அதை வெளியே தள்ளிவிட்டது. நிறமெல்லாம் அதோடு போயிற்று. திட்டு முழுக்க எலும்பு மாதிரி வெளுத்தது, அப்புறம் அதன் மேல் வழவழவென்று ஒரு பச்சை படர்ந்தது. அக்கா வாரம் தவறாமல் போய்ப் பதிவு செய்தாள். முதலில் சின்னச் சத்தங்கள் குறைந்தன. அப்புறம் கதவுக் கீல் நின்றது. ஒரு நாள் விடிந்து வெயில் ஏறும்வரை ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் செருமவே இல்லை.

அந்தப் பதிவுகளை வைத்து அக்கா எழுதிய கட்டுரை பெரிய இதழில் வந்தது. துறையில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள், மேலே நீல க்ரீமில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா கத்தியைக் கையில் வாங்கினாள், மீனைப் பார்த்தாள், கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் ராஜினாமா.

"ஒரு உயிர் போயிட்டிருக்கு. நான் பக்கத்துல உக்காந்து டேப் பண்ணிட்டிருந்தேன். அதுக்கு கேக் வேறயாடி?" என்றாள் என்னிடம். அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம்.

கடல் என்ற பேச்சே இல்லாத ஓர் ஊரில், காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். என் முழங்கால் வலி, என் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தம், மகளின் பரீட்சை எல்லாம் விசாரிப்பாள். பேச்சு கடல் பக்கம் திரும்பினால் போதும், "சரிடி, குக்கர் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாள். தனி ஆளுக்கு எதற்கு அத்தனை குக்கர் என்று நான் கேட்டதில்லை.

நான் ஏங்கினேன். இதற்குக் கொஞ்சம் கௌரவமான சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "கூடப் பிறந்தவ உயிரோட இருக்கா, வாராவாரம் பேசறா, இதுல ஏங்க என்ன இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? போனில் பேசுகிறவள் யாரோ ஒரு நல்ல அம்மாள். என் அக்கா என்பவள் தலை சொட்டச் சொட்ட வந்து ஹெட்ஃபோனைப் பிடுங்குகிறவள். அவளைத்தான் பல வருடமாகக் காணவில்லை.

இப்படி இருக்கையில்தான் எங்கள் பேராசிரியர் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், கையெழுத்துக்கூட ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவரோடு குப்பை கொட்டுவது எனக்கு விதித்த விதி. ஆனால் அவர் சொன்ன விஷயம் என்னை உட்கார வைத்துவிட்டது. மீன் குஞ்சுகள் பிறந்ததும் திட்டை விட்டு நீரோட்டத்தோடு நடுக்கடலுக்குப் போய்விடும். கொஞ்சம் வளர்ந்ததும், குடியிருக்க இடம் தேடி ராத்திரியில் திரும்பி வரும். இருட்டில் அவற்றுக்கு வழி சொல்வது திட்டின் சத்தம்தான். சத்தம் இல்லாத திட்டை அவை தாண்டிப் போய்விடும். மீன் இல்லாவிட்டால் பாசியைத் தின்ன ஆளில்லை, பாசி மூடிய கல்லில் புதுப் பவளம் ஒட்டாது. ஆக, செத்த திட்டு செத்தே கிடக்கும். அதனால் பழைய சத்தத்தை அங்கே ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்போம் என்றார். ஆள் இல்லாத வீட்டில் ரேடியோவைப் பாடவிட்டுப் போகிற மாதிரி. நாம் அதைத் திருடனை விரட்டச் செய்வோம், இவர் விருந்தாளியை அழைக்கச் செய்கிறார்.

எந்தப் பதிவைப் போடுவது என்று கூட்டம் போட வேண்டியிருக்கவில்லை. கோடைக்கு முந்தைய வருடங்களில், மூன்றாம் திட்டில், காற்றில்லாத ஒரு காலையில் அக்கா எடுத்தது. அதைவிட நல்ல பதிவு எங்களிடம் கிடையாது. ஆய்வகத்தில் அதற்குப் பெயரே 'பழைய காலை'. அதைப் போடப்போகிறோம் என்று அக்காவிடம் சொன்னேனா என்றால் இல்லை. குக்கர்.

ஏற்பாடு இதுதான். அதே மூன்றாம் திட்டின் நடுவில் கடல் தரையில் ஸ்பீக்கர் பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் மேலே மிதவைக்கு வரும், மிதவைக்குள் பேட்டரியும் கடிகாரமும் இருக்கும். ராத்திரி முழுக்கப் பழைய காலை ஓடும், விடியுமுன் தானாக நின்றுவிடும். அது நின்ற பிறகு, கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிற ஹைட்ரோஃபோன் விழித்துக்கொண்டு, திட்டு தன் சொந்தக் குரலில் ஏதாவது பேசுகிறதா என்று பதிவு செய்யும். பருவம் முடியும்வரை யாரும் உள்ளே இறங்கிக் கலைக்கக்கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு. நான் போய்ப் பேட்டரியை மாற்றி, பதிவை எடுத்து வருவேன்.

பல வாரங்களுக்கு ஒன்றுமில்லை. இறால்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கின. ஒருநாள் புதிதாக எடுத்துவந்த பதிவைப் போட்டுவிட்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். உறுமல் கேட்டது. தட்டல் கேட்டது. கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, பிறகு பார்த்தபோது அது விசைப்பலகை மேல் கவிழ்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவுக் கீல். அதற்கப்புறம், ஐயோ, அந்தச் செருமல்.

பேராசிரியர் இரண்டு தடவை கேட்டார். "நல்லா இருக்கு. சரிபார்த்துட்டு அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்" என்றார். நான் அதற்குள் மாடிப்படியில் போனோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்னடி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே. யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"மாமனார் வந்துட்டாருக்கா."

"உங்க வீட்டுக்கா? எப்ப வந்தாரு?"

"அந்த மாமனார் இல்ல. எனக்கு ரெண்டு பேரு. உனக்கு ஒருத்தர்தானே. அவரு."

குக்கர் வரப்போகிறது என்று காத்திருந்தேன், வரவில்லை.

"செருமினாரா?"

"செருமினாருக்கா."

"நிஜமா கேட்டியா? உன் காதால?"

"என் காதால."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு வண்டியில இடம் இருக்கான்னு பாக்கறேன்" என்றாள்.

ஒரே ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினாள். திரும்பிப்போக மறுநாள் மாலை வண்டிக்கு டிக்கெட்டும் எடுத்திருந்தாள், அதை முதல் பேச்சிலேயே சொல்லியும்விட்டாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்றால் கேட்கவில்லை, நேரே ஆய்வகம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. மாதிரிகள் வைக்கிற உறைபெட்டி நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும், அதன் மேல் காலி அட்டைப்பெட்டிகள், சுவரெல்லாம் சுருட்டி மாட்டிய கேபிள். அவள் சும்மா நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். பேராசிரியர் எழுந்து நாற்காலி கொடுத்தார். ஹெட்ஃபோனின் பஞ்சு உறை உரிந்துபோய்க் கிடந்தது, அதை மாட்டியதும் அவள் காதில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டன.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறுமலுக்குக் கண்ணை மூடினாள். கீல் சத்தத்துக்கு உதடு அசைந்தது. அப்புறம் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் தானாக மேலே எழுந்தது, கடையில் அவள் அடுத்தவர்களிடம் தூக்கச் சொல்கிற விரல். மாமனார் செருமிவிட்டார்.

"இருக்காரேடி" என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும்தான்.

விரல் இறங்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"கொஞ்சம் பின்னால போ."

பின்னால் ஓட்டினேன்.

"இது என்ன சத்தம்? அவருக்குப் பின்னாடி, தூரத்துல."

"ஏதோ படகு. மீன்பிடிக்கப் போறவங்க."

"நாலு அடிக்கு ஒரு தடவை இருமுது பாரு. இப்படி இருமற எஞ்சின் எதுடி?"

எங்கள் துறையின் பழைய படகு. விடியற்காலையில் அக்காவை இறக்கிவிட்டுத் தள்ளிப்போய் நிற்கும், எஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று ஓடவிட்டே வைத்திருப்பார்கள்.

"அந்தப் படகை இரும்புக்கடைக்குப் போட்டாச்சுன்னு, நான் போனை வைக்கறதுக்குள்ள நீதானே ஒரு தடவை சொன்னே?" என்றாள் அக்கா.

நான் மிதவையின் கடிகாரப் பதிவைத் திறந்து பார்த்தேன். பேட்டரி மாற்றும்போது ஒரு நொடி மின்சாரம் அறுந்திருக்கிறது. அறுந்தால் அந்தக் கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த நேரத்துக்குப் போய்விடும், அது எந்த நாட்டு நேரமோ. அன்றிலிருந்து ஸ்பீக்கர் ராத்திரி தூங்கிவிட்டு விடியற்காலையில் பாடியிருக்கிறது. தன் தனிக் கடிகாரப்படி விழித்த ஹைட்ரோஃபோன் அதைக் கேட்டிருக்கிறது. நாங்கள் போட்ட சத்தத்தை நாங்களே பிடித்துவந்து கொண்டாடியிருக்கிறோம். மாற்றியது நான். நேரத்தைத் திரும்பப் பார்க்காததும் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஏங்கினவள் காதுக்கும் அதே கதிதான்.

"பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கே" என்றாள் அக்கா.

"சத்தியமா தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா உன்னை இவ்வளவு தூரம்..."

"என்னைச் சொல்லல. அதுங்களைச் சொல்றேன்." திரும்பிப் பேராசிரியரைப் பார்த்தாள். "அங்க என்ன சார் இருக்கு? வெறும் கல்லு. இங்க எல்லாரும் இருக்கோம் வா வான்னு என் டேப்பைப் போட்டுக் கூப்பிடறீங்க. நம்பி வர்றது என்ன கதிக்கு ஆகும்?"

"யாராவது முதல்ல வரணும் இல்லையாம்மா" என்றார் அவர், தன் வழக்கமான வேகத்தில். "நாலு மீன் வந்தாத்தான் பாசி குறையும். பாசி குறைஞ்சாத்தான் பவளம் ஒட்டும்."

"அந்த முதல் நாலு பேரைப் பத்தித்தான் நானும் கேக்கறேன். சரி, வந்துச்சு, தங்கிச்சு, பவளமும் ஒட்டிச்சுன்னே வைங்க. அடுத்த கோடைக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்றார் பேராசிரியர். அவர் ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அணைச்சுடுங்க. அணைச்சுட்டு நிஜமா என்ன கேக்குதுன்னு காலையில போய்ப் பாப்போம்."

அன்று மாலை வீட்டில் அவள் என் மகளின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் வாசற்படியில் நின்று இரண்டு தடவை கூப்பிட வாயெடுத்து, இரண்டு தடவையும் போர்வை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

காலையில் கேப்டன் படகோடு காத்திருந்தார். கேப்டன் என்பது நாங்கள் வைத்த பெயர், ஆறு பேர் ஏறினால் ஆடுகிற படகுக்கு அவர்தான் எல்லாம். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "பெரிய மேடம்! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? சின்ன மேடம் தனியா வந்து என்னைத் திட்டியே கொன்னுட்டாங்க" என்றார். அக்கா லேசாகச் சிரித்தாள். பேராசிரியர் கரையிலேயே நின்றுகொண்டார், அவருக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. கடல் ஆராய்ச்சிக்காரருக்கு இப்படி ஒரு வயிறு.

மிதவையை இழுத்துப் பிடித்து ஸ்பீக்கரை அணைத்தேன். படகின் எஞ்சினையும் அணைத்தோம். ஹைட்ரோஃபோனை இறக்கிவிட்டு ஹெட்ஃபோனை அக்காவிடம் நீட்டினேன். முழுசாக வாங்கி மாட்டிக்கொண்டாள். எனக்குப் பாதி தரவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. சூரியன் ஏறி என் முதுகு சுடுகிறவரை அவள் அசையாமல் இருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் ஒரு காது டமாரம் என்று தெரிந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள், தன்மையாக.

நான் அழுதுவிட்டேன். கேப்டன் நாகரிகமாக மறுபக்கம் திரும்பி ஒரு கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். "நீ வரணும்னுதான்க்கா," என்றேன். "மீன் வரணும்னு அப்புறம்தான். நீ வந்து என் பக்கத்துல உக்காந்து கேக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

"தெரியும்" என்றாள். குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். "ஏண்டி, ஒருவேளை வந்திருந்தா, இப்ப எவ்வளவு பெரிசு இருக்கும்?"

"நகத்தளவு இருக்கும்."

"நகத்தளவு மீன் போடற சத்தம் இந்த மைக்குக்கு எட்டுமா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். எட்டாது. எனக்கே தெரிந்த விஷயம். காதை மட்டும் நம்பியே பிழைப்பு நடத்தினால் கண் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. படகின் அடியில் சுழலும் எஞ்சின் விசிறியில் கயிறு சிக்கினால் இறங்கி எடுப்பதற்குக் கேப்டன் ஒரு நீச்சல் கண்ணாடி வைத்திருந்தார். அக்கா அதைக் கேட்டு வாங்கினாள்.

"கலைக்கக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு" என்றேன்.

"அவரு மெதுவா வந்து திட்டட்டும்" என்று சொல்லி, போட்டிருந்த சட்டை கால்சட்டையோடு இறங்கிவிட்டாள்.

அந்த இடத்தில் ஆழம் அதிகமில்லை, மூச்சைப் பிடித்தால் தரையைத் தொடலாம். ஆனால் அவள் மூச்சைப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று? அவள் கீழே இருந்த நேரம் முழுக்க நானும் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். தலை மேலே வந்தது. இருமினாள், எச்சிலைத் துப்பினாள், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது.

"இருக்குதுங்க" என்றாள்.

"எங்க? திட்டுலயா?"

"திட்டுல ஒண்ணும் இல்ல. பெட்டியைச் சுத்தி." மூச்சு வாங்கியது. "ஸ்பீக்கர் பெட்டியைச் சுத்திடி. கேபிளுக்குப் பின்னால, பெட்டிக்கு அடியில. ஒரு கைப்பிடி அள்ளலாம், அவ்வளவு இருக்கும். நீலம், நகத்தளவு. கல்லுப் பக்கம் ஒண்ணுகூடப் போகல. சத்தம் எங்கிருந்து வந்துச்சோ அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க."

கடிகாரம் கெடுவதற்கு முந்தைய ராத்திரிகளில் வந்தவையாக இருக்கும். அந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் தோன்றியது.

"போடுடி" என்றாள் அக்கா.

"எதை?"

"டேப்பை. அணைச்சு வச்சிருக்கியே."

"நீதானேக்கா அணைக்கச் சொன்னே!"

"சொன்னேன். இப்ப போடச் சொல்றேன். வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சுட்டு யாராவது விளக்கை அணைப்பாங்களா?" விளிம்பை ஒரு தட்டுத் தட்டினாள். "அடுத்த கோடையை அடுத்த கோடையில பாப்போம். போடு."

மிதவையை இழுத்தேன். மூடியைக் கேப்டன் திறந்து கொடுத்தார். விசையைத் தட்டினேன். படகில் இருந்த எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்காது. அக்கா கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். முதுகு அப்படியே நின்றுபோயிற்று.

அங்கே இப்போது கோடைக்கு முந்தைய ஒரு காலை ஓடிக்கொண்டிருந்தது. உறுமலும் தட்டலும் கீலும் மாமனாரும், தூரத்தில் இருமுகிற எங்கள் படகும், அதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த பழைய நானும்தான். அவள் அதை எடுத்தவள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் மறுபடியும் அதற்கு நடுவில் இருக்கிறாள். நீ இருந்துவிடு என்று சொல்ல நினைத்தேன். சொன்னாலும் அவள் காதில் விழுந்திருக்காது. காலைத் தூக்கித் தண்ணீரை அடித்துவிட்டுக் கீழே போனாள்.

கேப்டன் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய மேடம் சாயங்கால வண்டிக்குப் போறாங்கன்னு சொன்னீங்களே. நாளைக்கும் வருவாங்களா என்ன? வந்தா நான் இன்னிக்கே டீசல் நிரப்பி வைக்கணும்."

அக்கா மேலே வந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினாள்.

"நிரப்பி வைங்க" என்றேன்.